ஏலக்காய் ஸ்டோர் கண்ட்ரோலரில் வாட்ச்டாக்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வண்டன்மேடு, நெடுங்கண்டம் பக்கத்து ஏலக்காய் ஸ்டோர்களில், அதாவது காயை உலர்த்தும் சூட்டறைகளில், சின்னக் கண்ட்ரோலர் போர்டுகள் வந்துவிட்டன. அறைச் சூட்டை 50 டிகிரியை ஒட்டிப் பிடித்துவைப்பது, ஃபேனை ஓட்டுவது, கம்பத்திலோ போடியிலோ இருக்கும் முதலாளிக்கு எஸ்எம்எஸ் அனுப்புவது எல்லாம் அவற்றின் வேலை. துலாமழை (ஐப்பசி மழை) இடியில் கரண்ட் போய்ப் போய் வரும்போது போர்டு அப்படியே உறைந்து நிற்பதுண்டு. சூடு ஏறினால் காயின் பச்சை போச்சு. புற்றடி ஏலத்தில் விலை சொல்வதே அந்தப் பச்சைதான்.

இதற்குத்தான் சிப்புக்குள் வாட்ச்டாக் டைமர் இருக்கிறது. புரோகிராம் குறித்த நேரத்துக்குள் அதற்குக் கிக் கொடுக்க வேண்டும், அதாவது ‘நான் ஓடிக்கொண்டுதான் இருக்கிறேன்’ என்று ஒரு சமிக்ஞை. கொடுக்காவிட்டால் சிப்பை அது ரீசெட் செய்து, முதலிலிருந்து ஓடவைத்துவிடும். வசதி இருந்தால் மட்டும் போதாது. 1994 மே மாதம் கிளெமென்டைன் விண்கலத்தில் மென்பொருள் கோளாறால் 11 நிமிடம் உந்துவிசைக் குழல்கள் எரிந்து எரிபொருள் தீர்ந்தது. வாட்ச்டாக் அதிலும் இருந்தது, மென்பொருள்தான் அதைப் பயன்படுத்தவில்லை.

நான் பார்த்ததில் மோசமான தவறு, டைமர் இன்டரப்டுக்குள் (குறித்த இடைவெளியில் மெயின் லூப்பை இடைமறித்து ஓடும் துண்டு நிரலுக்குள்) கிக் கொடுப்பது. திரும்பத் திரும்ப ஓடி வேலை பார்க்கும் மெயின் லூப் செத்துக் கிடந்தாலும் இன்டரப்ட் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். வாட்ச்டாக்கும் எல்லாம் நலம் என்றே நினைக்கும். இதற்கு வாட்ச்டாக் இல்லாமலே விட்டுவிடலாம், இருக்கிறது என்ற பொய்த் தைரியமாவது வராது. சென்சாரைப் படித்தாயிற்றா, ரிலேயை முடிவு செய்தாயிற்றா என்று ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கொடி (ஃபிளாக், முடிந்ததைக் குறிக்கும் அடையாளம்) வையுங்கள். எல்லாக் கொடியும் ஏறிய பிறகு, லூப்பின் கடைசியில், ஒரே ஒரு இடத்தில் கிக் கொடுங்கள். ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினி வைத்திருப்பவர்களுக்கும் இதேதான். அதன் லினக்ஸில் மற்ற புரோகிராம்களைத் தொடங்கிக் கவனிக்கும் சிஸ்டம்டி கிக் கொடுக்கிறது என்றால் சிஸ்டம்டி உயிரோடிருக்கிறது, அவ்வளவுதான். உங்கள் புரோகிராமுக்கென்று தனி வாட்ச்டாக் நேரத்தை அதன் சர்வீஸ் ஃபைலில் கொடுக்க வேண்டும்.

அடுத்தது நேரக் கணக்கு. கிக் இல்லாமல் வாட்ச்டாக் பொறுத்திருப்பது, ஏவிஆர் வகையைச் சேர்ந்த ஏடிமெகா 328 சிப்பில் அதிகபட்சம் 8 விநாடி, ராஸ்பெர்ரி பையில் சுமார் 15. மலைச்சரிவில், எஸ்எம்எஸ் அனுப்பும் ஜிஎஸ்எம் மோடம் டவரைப் பிடிக்க அதைவிட நேரமாகலாம். அதற்காகக் காத்திருக்கும் லூப்புக்குள் கணக்கில்லாமல் கிக் கொடுத்தால் மறுபடி பழைய கதை. காத்திருப்புக்கு ஓர் எல்லை வைத்து, அது தாண்டினால் விட்டுவிட்டு அறைச் சூட்டைப் பாருங்கள். எஸ்எம்எஸ் அப்புறம் போகட்டும்.

மோடமே தொங்கிப்போனால்? சிப் ரீசெட் ஆனாலும் மோடத்துக்கு அது தெரியாது. தொங்கியது தொங்கியபடியே நிற்கும். மோடத்தின் மின்சாரத்தைத் துண்டித்துக் கொடுக்க ஒரு டிரான்சிஸ்டரோ ரிலேயோ போட்டே ஆகவேண்டும். இருநூறு முந்நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கும் இடம் இதுவல்ல.

ரீசெட் ஆன கணத்தில் ஏவிஆர் சிப்பின் பின்கள் எல்லாம் இன்புட்டாக மாறி அந்தரத்தில் நிற்கும். ஹீட்டர் ரிலேயை இயக்கும் டிரைவருக்கு, சிக்னல் இல்லாதபோது பின்னைப் பூஜ்ஜியத்தில் பிடித்துவைக்கும் புல்-டவுன் ரெசிஸ்டர் இல்லையென்றால் ரிலே என்ன செய்யும் என்று சொல்ல முடியாது. ரீசெட்டில் ஹீட்டர் நிற்க வேண்டும், வயரிங்கிலேயே.

அதே சிப்பில் இன்னொரு வம்பு: வாட்ச்டாக் ரீசெட்டுக்குப் பிறகும் வாட்ச்டாக் அணையாது, 15 மில்லிவிநாடிக் கணக்கில் ஓடிக்கொண்டே இருக்கும். பழைய பூட்லோடர் (புரோகிராமுக்கு முன்பு ஓடும் தொடக்க நிரல்) உள்ள போர்டுகள் இதனால் ரீசெட் சுழலில் மாட்டிக்கொள்ளும். மின்சாரத்தை எடுத்துப் போட்டால்தான் விடும். புரோகிராமின் முதல் வேலையாக ரீசெட் காரணத்தைப் படித்துச் சேமியுங்கள், பிறகு சிப்பில் அந்தக் காரணத்தைக் குறிக்கும் கொடியை அழித்து வாட்ச்டாக்கை அணைத்துவிட்டு மேலே போங்கள். பூட்லோடரே சிக்கினால் அதைத்தான் மாற்ற வேண்டும். சேமித்த காரணத்தை அடுத்த எஸ்எம்எஸ்ஸில் சேர்த்து அனுப்பினால், கரண்ட் போனதா புரோகிராம் தொங்கியதா என்று வீட்டிலிருந்தே தெரியும். தினமும் ரெண்டு முறை வாட்ச்டாக் ரீசெட் என்றால் புரோகிராமில் ஓட்டை இருக்கிறது, அதைத் தேடுங்கள்.

கடைசியாக, சோதனை. மேசையில் வெறும் போர்டை வைத்துப் பார்ப்பது பத்தாது. ஸ்டோரில் ஹீட்டர், ஃபேன், மோடம் எல்லாம் மாட்டிய பிறகு, வேண்டுமென்றே முடிவில்லா லூப்பில் விழவைக்கும் ஒரு பட்டனை அழுத்துங்கள். ரிலே விழுகிறதா, மோடம் திரும்பி வருகிறதா, மெசேஜ் வருகிறதா என்று மூன்றையும் பார்த்துவிட்டுக் காய் ஏற்றச் சொல்லுங்கள்.