குமரிக் கடற்கரைக்குப் புயல் அபாய வரைபடம்: உயரத் தரவைக் கையாளும் முறை

எந்தக் கடலேற்றத்தை வரையப் போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். 2017 நவம்பர் 30 அன்று வந்த ஒக்கி, காற்றும் மழையுமாக வந்த புயல். கள்ளக்கடலோ இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் எழும் நெடிய அலைகளால், உள்ளூரில் காற்றே வீசாத நாளிலும் கரையேறுவது. இரண்டையும் ஒரே வரைபடத்தில் கலக்கக் கூடாது.

இஸ்ரோவின் புவன் தளத்தில் கிடைக்கும் கார்ட்டோசாட் செயற்கைக்கோள் உயரத் தரவைத் திறந்தால், நம் கடற்கரை கடல்மட்டத்துக்குச் சுமார் 90 மீட்டர் கீழே இருப்பதாகக் காட்டும். தரவு கெட்டுவிட்டதென்று அதை ஒதுக்கிவிட வேண்டாம். அந்த உயரங்கள் கணித நீள்கோளப் பரப்பிலிருந்து அளக்கப்பட்டவை. புவியீர்ப்பு வேறுபாட்டால் உண்மையான கடல்மட்டம் இந்தியாவின் தெற்கே அப்பரப்பைவிட வெகுவாகத் தாழ்ந்திருக்கிறது. இந்தக் கடல்மட்டப் பரப்புக்கு ஜியாய்டு என்று பெயர். கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் ஜியாய்டு மதிப்பை, அதன் குறைக்குறியோடு, கழித்தால் சரியாகிவிடும். ஐரோப்பிய கோப்பர்நிக்கஸ் திட்டத்தின் 30 மீட்டர் கட்டத் தரவு ஏற்கெனவே ஜியாய்டை அடிப்படையாகக் கொண்டதால், அதற்கு இத்திருத்தம் தேவையில்லை.

அடுத்த சிக்கல் தென்னந்தோப்புகள். கோப்பர்நிக்கஸ் தரவுக்கு அடிப்படையான ரேடார் பெரும்பாலும் தென்னையின் உச்சி உயரத்தையே பதிவு செய்வதால், தேங்காப்பட்டணத்தின் தாழ்ந்த தோப்பும் மேட்டுநிலமாகத் தெரியும். சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தில் தோப்புகளையும் நெருக்கமான வீடுகளையும் அடையாளங்கண்டு, அவற்றை ஐயத்துக்குரிய பகுதிகளாகக் குறிக்க வேண்டும். பிழையே சில மீட்டர் இருக்கும்போது, தெருத்தெருவாக அரை மீட்டர் இடைவெளியில் நிறம் தீட்டிய வரைபடத்தை நான் நம்பமாட்டேன். இத்தரவு, எங்கே தரையில் அளக்க வேண்டும் என்பதைத் தெரிவு செய்யவே பெரிதும் உதவும்: பொழியின் (ஆறு கடலில் சேரும் மணல் முகத்தின்) இருகரைகள், மணல்மேட்டின் இடைவெளிகள், அனந்த விக்டோரியா மார்த்தாண்டம் கால்வாயின் கரை ஆகிய இடங்களில் இடத்தைத் துல்லியமாக அளக்கும் டிஜிபிஎஸ் கருவியால் அளக்கலாம். 30 மீட்டர் கட்டத்தில் அக்கால்வாய் சரிவரப் புலப்படாது என்பதால், அதைக் கையாலேயே வரைந்து சேர்க்க வேண்டும்.

தாழ்ந்த இடம் என்பதாலேயே அங்கு வெள்ளம் வருமென்று கொள்ளலாகாது. கடலோடு நீர்வழித் தொடர்பு உண்டா என்று பார்க்க வேண்டும். மணக்குடியில் பழையாற்றுக் கழிமுகம் வழியாக நீர் உள்ளே ஏறக்கூடும். முட்டத்தின் பாறைக்கரையில் கணக்கு முற்றிலும் வேறு. தூண்டில் வளைவுகளுக்கு (கரையிலிருந்து கடலுக்குள் நீட்டிக் கட்டிய கல்தடுப்புகளுக்கு) அருகே அலையின் தாக்குதல் மாறுபடுவதால், அப்பகுதிகளைத் தனியே ஆராய வேண்டும்.

சென்டினல்-1 செயற்கைக்கோளின் ரேடார் மேகத்தை ஊடுருவிப் பார்க்கும்; ஆயினும் சில மணி நேரமே நிற்கும் கடலேற்றத்தை அது தவறவிடலாம். சுவர்களிலுள்ள நீர்த்தடத்தை அளப்பதும், கடற்தொழிலாளர்களிடம் விசாரிப்பதும் அக்குறையை ஈடுசெய்யும். இறுதியில் ஒற்றை வெள்ளக் கோட்டுக்குப் பதிலாக, உயரப் பிழையைக் கணக்கில் கொண்டு வெள்ளம் எட்டக்கூடிய கீழெல்லையையும் மேலெல்லையையும் வரைந்து, நிவாரண முகாமையும் அதற்குச் செல்லும் சாலையையும் மேலெல்லைக்கு அப்பால் அமைக்க வேண்டும். பொழிமுகம் மழைக்காலந்தோறும் வடிவம் மாறுவதால், அப்பகுதியை ஆண்டுதோறும் மீண்டும் அளப்பது அவசியம்.