ட்ரான்ஸ்போமரில் எழுதியிருக்கும் 12 வோல்ற்

கிளிநொச்சி, மாங்குளம் பக்கம் பழைய அம்பிளிபயரில் இருந்து கழற்றிய ட்ரான்ஸ்போமரை வாங்கி வேலை செய்யும் தம்பிமாருக்கு ஒரு விசயம். மேலே 12 வோல்ற் என்று இருக்கும், சும்மா செருகி மீற்றரை வைத்தால் 13.8 காட்டும். அது பழுது இல்லை. முழு லோட்டில், அதாவது தாங்கக்கூடிய அளவு மின்னை இழுக்கும்போது வரும் அளவைத்தான் வழக்கமாக எழுதுவார்கள். லோட் ஏற ஏற, கம்பியின் தடையாலும் காந்தக் கசிவாலும் வோல்ற் இறங்கும். ஆகவே சுற்று விகிதம் (லைன் மின் 230 வோல்ற் ஏறும் முதற்சுருளின் சுற்றுகள், மற்றச் சுருளின் சுற்றுகளைவிட எத்தனை மடங்கு என்பது) 230/12, அதாவது 19.2 அல்ல, 230/13.8, கிட்டத்தட்ட 16.7.

விகிதம் பார்க்க லோட் இல்லாமல் அளவுங்கள். உள்ளே வரும் வோல்ற்றையும் அதே நேரம் அளக்க வேண்டும். தோட்டங்களுக்கு மோட்டர் போடும் நேரம், லைனின் கடைசி வீடுகளில் 230 நிற்காது. மின்னோட்டத்தை வைத்து விகிதம் பார்ப்பது சரிவராது. லோட் இல்லாதபோதும் முதற்சுருள் கொஞ்சம் இழுத்துக்கொண்டே இருக்கும்.

ஏசியை டீசியாக்கும்போது போடும் கப்பாசிற்றரில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். கப்பாசிற்றர் ஏசியின் உச்ச அளவுக்கு ஏறும்: 13.8ஐ 1.41ஆல் பெருக்கினால் 19.5. ஏசியை டீசியாக்கும் பிரிட்ஜ் டயோட்டுகளில் போவது போக 18 நிற்கும். 16 வோல்ற் கப்பாசிற்றர் ஊதி வெடிக்கும். 25 வோல்ற் போடுங்கள்.