கொள்ளைக் கடைந்து சாப்பிடுங்கள்: கொலஸ்ட்ரால் வெளியேறும் வழி

சர்க்கரையை எரிப்பதுபோல் கொலஸ்ட்ராலை எரித்துத் தீர்க்க நம் உடலுக்கு வழியில்லை. மிச்சமானது கல்லீரலுக்கு வந்து, பித்தத்தில் கலந்து, குடல் வழியாக மலத்தோடுதான் போயாக வேண்டும். தமனிச் சுவரில் தேங்கியதைச் சுமந்து வருவது ‘நல்ல கொலஸ்ட்ரால்’ எனப்படும் எச்டிஎல். அந்தச் சுமையில் ஒரு பகுதி நேரே கல்லீரலில் இறங்கும். இன்னொரு பகுதி ‘கெட்ட கொலஸ்ட்ரால்’ எனப்படும் எல்டிஎல்லுக்குக் கைமாறி, அதைப் பிடித்து உள்ளே இழுக்கும் கல்லீரலின் எல்டிஎல் ஏற்பிகள் வழியாக உள்ளே போகும். அங்கே ஒரு பங்கு பித்த அமிலமாகிறது.

சிக்கல் குடலில்தான். இறங்கிய பித்த அமிலத்தில் சுமார் 95 சதவீதம் சிறுகுடலின் கடைசிப் பகுதியில் உறிஞ்சப்பட்டு மறுபடி கல்லீரலுக்கே வந்துவிடும். கரையும் நார்ச்சத்து கூழாகி அதைப் பிடித்துக்கொண்டால் வெளியே போவது கூடும். குறைந்த பித்த அமிலத்தைப் புதிதாகச் செய்து ஈடுகட்டக் கல்லீரல் ரத்தத்திலிருந்து எல்டிஎல்லை இழுத்துக்கொள்ளும்.

‘கொழுத்தவனுக்குக் கொள்ளு’ என்பார்கள். ஆனால் கொள்ளு கொழுப்பைக் கரைப்பதில்லை. அதன் வேலை குடலோடு சரி. வெந்த தண்ணீரை ரசமாகக் குடித்துவிட்டுக் கொள்ளை மாட்டுக்குப் போட்டால் நார்ச்சத்தில் பெரும்பங்கு நமக்குக் கிடைக்காது. ஆளுக்கு 40 கிராம் கொள்ளை லேசாக வறுத்து, இரவே ஊறவைத்து, காலையில் குக்கரில் மசிய வேகவையுங்கள். தண்ணீரை ரசத்துக்கு வடித்துக்கொண்டு, கொள்ளைச் சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம் சேர்த்துக் கடைந்து சோற்றில் பிசைந்து சாப்பிடுங்கள். வாரம் 4 நாள் இது, மற்ற நாள் தட்டைப்பயறோ அவரையோ. முதல் வாரம் பாதி அளவு போதும். எடுத்த எடுப்பில் கூட்டினால் வயிறு உப்பும், தண்ணீர் குறைந்தால் மலச்சிக்கலும் வரும்.

எண்ணெயையும் மாற்றுங்கள். நிறைவுற்ற கொழுப்பு எல்டிஎல் ஏற்பிகளின் வேலையைக் குறைக்கும். தேங்காய் எண்ணெயில் அது சுமார் 90 சதவீதம், கடலை எண்ணெயில் 20 சதவீதத்துக்குள். பொள்ளாச்சிப் பக்கம் தேங்காய் வீட்டிலேயே விளைந்தாலும் தினச் சமையலுக்குக் கடலை எண்ணெய்தான் நல்லது. அதுவும் ஆளுக்கு மாதம் அரை லிட்டர்.

நார்ச்சத்தால் மட்டும் எல்டிஎல் சுமார் 5 சதவீதம் இறங்கலாம். 10 சதவீதத்தைத் தாண்டுவது அரிது. எல்டிஎல் 190-ஐத் தொட்டவர்களுக்கும் மாரடைப்பு வந்தவர்களுக்கும் பெரும்பாலும் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை வேண்டும். கொள்ளு தின்கிறோமே என்று அதை நிறுத்திவிடாதீர்கள். எச்டிஎல் கூடுதலாக இருக்கிறது என்று நிம்மதியடையவும் வேண்டாம். எச்டிஎல் அளவை ஏற்றிய பல மருந்துகள் மாரடைப்பைக் குறைக்கத் தவறின. 8 முதல் 12 வாரம் கழித்து ரத்தப் பரிசோதனை செய்து, முதலில் எல்டிஎல் அளவைப் பாருங்கள்.