ஊசி இறங்கும் முன்னே ஊர் வாயை யோசிங்க

பாளையங்கோட்டையில் பத்து வருடமாக டாட்டூ கடை வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் முதலில் கேட்பது "வலிக்குமாண்ணே?", அடுத்து "எவ்வளவு ஆகும்?". நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "வீட்டில யாருக்குத் தெரியும்?" பாதிப் பேர் சிரித்து மழுப்புவார்கள். வலி ஒரு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். அதற்கப்புறம் வருவதற்குத்தான் தயாராக வேண்டும்.

எங்க ஆச்சிக்கு இரண்டு முன்கையிலும் பச்சை. கோலம், புள்ளி, மணிக்கட்டுக்கு மேலே ஒரு தேள். ஊருக்கு வந்த குறத்தியிடம் நெல் அளந்து கொடுத்துக் குத்திக்கொண்டது. மஞ்சளையும் அகத்தி இலையையும் துணியில் தேய்த்துத் திரியாக்கி, விளக்கெண்ணெயில் எரித்து, மேலே கவிழ்த்த புதுச் சட்டியில் படியும் கரியைத்தான் மையாகக் குழைப்பார்களாம். "சாகும்போது நகையைக் கழட்டிருவாவ, இதை எவன் கழட்டுவான்?" என்பாள். அந்தக் கை பிசைந்து கொடுத்த சோற்றில் வளர்ந்த எங்க அம்மாதான், நான் கடை போடப்போகிறேன் என்றதும் "ரவுடிப் பயலுவ வந்து போற எடம்" என்று மூன்று மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. எம்.ஜி.ஆர். காலத்தில் கையில் கட்சிக்கொடி குத்திக்கொண்ட பெரியவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. அவர்களை யாரும் ரவுடி என்று சொல்லிக் கேட்டதில்லை.

மை அதே மைதான். யார் கையில், எந்த இடத்தில், என்ன படம் என்று பார்த்து ஊர் ஒரு கணக்குப் போடுகிறது. குத்திக்கொள்ளும் முன் அந்தக் கணக்கை நீங்களே ஒருமுறை போட்டுப் பார்த்துவிடுங்கள்.

அதற்கு நான் ஒரு வழி வைத்திருக்கிறேன். படத்தை ஸ்டென்சில் தாளில் எடுத்து, கேட்ட இடத்தில் ஒற்றி அனுப்பிவிடுவேன். காசு கிடையாது. அழுத்தித் தேய்க்காமல் இருந்தால் ஒன்றிரண்டு நாள் நிற்கும். அதோடு வேலைக்குப் போங்கள், ஒரு விசேஷ வீட்டுக்குப் போங்கள், கோயிலுக்குச் சட்டையைக் கழற்றிப் போகிறவர் என்றால் அங்கேயும் போய்விட்டு வாருங்கள். பிடரியில் சிறகு கேட்ட ஒரு பெண் அப்படியே சித்தி வீட்டு வளைகாப்புக்குப் போனாள். பிளவுஸுக்கு மேலே தெரிந்ததைப் பார்த்து, "மாப்பிள்ளை வீட்டுல கேட்டா என்ன சொல்லுவ?" என்று நாலு பேர் கேட்டிருக்கிறார்கள். திரும்பி வந்து தோள்பட்டைக்குக் கீழே மாற்றிக்கொண்டாள். இன்னொருத்தியிடமும் அதே கேள்விதான் கேட்டார்கள். "கேக்கட்டும், எனக்குப் பதில் இருக்கு" என்று பிடரியிலேயே குத்திக்கொண்டாள். இரண்டும் எனக்குச் சம்மதம்தான். யோசிக்காமல் வந்து உட்கார்வதுதான் சம்மதமில்லை.

வ.உ.சி. மைதானத்தில் ராணுவ வேலைக்காகக் காலையில் ஓடுகிற பையன்களுக்கு மட்டும் நான் கொஞ்சம் கறாராக இருப்பேன். ராணுவத்தில் முன்கையின் உட்புறமும் புறங்கையும்தான் பச்சைக்கு அனுமதித்த இடம். பழங்குடியினருக்கு அவர்கள் வழக்கப்படி விலக்கு உண்டு. துணை ராணுவப் படைகளில் இன்னும் இறுக்கம்: முன்கை என்றால் இடது கை மட்டும், ஏனென்றால் வலது கை சல்யூட் அடிக்கிற கை. அளவும் அந்த உறுப்பில் கால்வாசிக்குள் இருக்க வேண்டும். சாமிப் படமோ பெயரோ என்றால் தடையில்லை. எதற்கும் நீங்கள் விண்ணப்பிக்கும் வருடத்து அறிவிப்பை எடுத்துப் படித்துவிட்டு வாருங்கள். வேறொரு கடையில் நெஞ்சில் அம்மா பேரைக் குத்திக்கொண்டு மருத்துவப் பரிசோதனையில் திரும்பி வந்த ஒரு பையன், அழிக்க முடியுமா என்று என்னிடம் வந்து நின்றான். இடம் தப்பினால் அம்மா பேருக்கே இந்தக் கதி. லேசரில் கறுப்பு ஓரளவு போகும், பச்சை நிறமும் நீல நிறமும் லேசில் போகாது. வாரக்கணக்கில் இடைவெளி விட்டுப் பல தடவை உட்கார வேண்டும். குத்தியதைப் போலப் பல மடங்கு காசும் ஆகும்.

காதலன், காதலி பெயரா? முதல் எழுத்தோடு நிறுத்துங்கள். பின்னால் அதைப் பூவாகவோ மீனாகவோ மாற்றுவது எனக்குச் சுலபம்.

சாதி அடையாளம் கேட்டு வந்தால் வாசலோடு அனுப்பிவிடுவேன். நாங்குநேரியில் ஒரு மாணவனைச் சக மாணவர்களே சாதி வெறியில் வெட்டியதற்குப் பிறகு, 2024இல் நீதிபதி சந்துரு குழு, மாணவர்கள் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு கட்டிக்கொண்டு பள்ளிக்கு வரக்கூடாது என்று பரிந்துரைத்தது. கயிற்றையாவது அவிழ்த்துப் பையில் போட்டுக்கொள்ளலாம். நான் குத்திவிடுவதை அந்தப் பதினெட்டு வயதுப் பையன் எந்தப் பையில் போடுவான்? இதனால் கடைக்கு நட்டம்தான். இருக்கட்டும்.

ரத்த தானம் செய்கிறவர்கள் ஒரு வருடம் பொறுக்க வேண்டும். முகாமில் கேட்டால் மறைக்காதீர்கள். "டாட்டூ போட்டா ரத்தம் கெட்டுப்போயிரும், அதான் எடுக்க மாட்டாங்க" என்று வீட்டில் ஒருவர் கட்டாயம் சொல்வார். ரத்தம் கெடுவதில்லை. சுத்தமில்லாத ஊசியால் மஞ்சள் காமாலைக் கிருமி, எச்.ஐ.வி. தொற்றியிருந்தால் உடனே சோதனையில் தெரியாமல் போகலாம், அதற்காகத்தான் இந்தக் காத்திருப்பு. அதனால் எந்தக் கடையானாலும், ஊசி உறையை உங்கள் கண் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். பிரிக்க யோசித்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

கடைசியாக, வீட்டில் சொல்வது. தயவுசெய்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டு அப்பாவுக்குத் தெரியவிடாதீர்கள். அவருக்கு முன்னால் அவருடைய நண்பர்கள் பார்த்துவிடுவார்கள், கோபம் இரட்டிப்பாகிவிடும். வீட்டில் பச்சை குத்திய கிழவி யாராவது இருந்தால் முதலில் அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். கையோடு கையை வைத்துக் காட்டுங்கள். அம்மா உள்ளே வரும்போது அந்தக் காட்சிதான் கண்ணில் பட வேண்டும்.

தோளில் சிறகு குத்திய பெண் இப்படித்தான் அவளுடைய ஆச்சியிடம் காட்டியிருக்கிறாள். கிழவி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தோளைத் தடவிப் பார்த்து, எவ்வளவு கொடுத்தாய் என்று கேட்டிருக்கிறார். மூவாயிரம் என்றதும், "ஏட்டி, கோடு நூல் மாதிரில இருக்கு. உன்னை நல்லா ஏமாத்திட்டான்" என்றாராம்.