விலை உயர்ந்த கோல்ஃப் பட்டர் வாங்கலாமா? பணம் கொடுப்பதற்கு முன் செய்து பார்க்க வேண்டியவை

கோல்ஃப் ஆடத் தொடங்கிக் கொஞ்ச நாள் ஆனதும் பலருக்கும் வரும் ஆசை இது. குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையை கிரீன் என்கிறோம். அங்கே பந்தை உருட்டிவிடும் கிளப்தான் (கோல்ஃப் மட்டை) பட்டர். நல்ல பட்டராக ஒன்று வாங்கிவிட்டால் ஸ்கோர் குறைந்துவிடும் (கோல்ஃபில் குறைந்தால்தான் நல்லது) என்று மனம் சொல்லும். கடைக்குப் போனால் குழப்பம் இன்னும் கூடும். பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு பட்டர்கள் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுபோல் இருக்கும். ஆனால் ஒன்றின் விலைக்கு இன்னொன்றில் நான்கைந்து வாங்கலாம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பட்டருக்குச் செலவு செய்வதில் தவறே இல்லை. பார் 72 மைதானத்தில், அதாவது 18 குழிகளையும் 72 அடிகளில் முடிப்பது என்று வகுத்த மைதானத்தில், ஒரு கிரீனுக்கு இரண்டு பட் (பட்டரால் அடிக்கும் அடி) என்று வைத்துத்தான் கணக்கு. ஆக 36 அடிகள், பாதி ஆட்டம், இந்த ஒரு கிளப்புக்கு. தூரமாக அடிக்கும் டிரைவர் கிளப்பை ஒரு சுற்றில் 14 தடவை எடுத்தாலே அதிகம். ஆனால் கொடுக்கும் பணம் உங்களுக்குப் பொருந்தும் பட்டருக்குப் போக வேண்டும், பெயருக்கு அல்ல. பொருந்துகிறதா என்பதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம்.

படி 1: உங்கள் பட் எப்படித் தவறுகிறது என்று குறித்துவையுங்கள்

கடைக்குப் போவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை இது. அடுத்த சில சுற்றுகளில் ஸ்கோர் கார்டின் ஓரத்தில் ஒவ்வொரு கிரீனுக்கும் இரண்டே விஷயம் எழுதுங்கள்: முதல் பட் எத்தனை அடி தூரத்திலிருந்து, தவறியது எப்படி (இடமா, வலமா, குறைவா, நீளமா).

எழுதியதைப் பார்த்தால் தவறுகள் மூன்று வகையாகப் பிரியும். பக்கத்திலிருந்து அடித்தும் எப்போதும் ஒரே பக்கமாக விலகினால் அது திசைப் பிழை. தூரத்திலிருந்து அடிக்கும்போது ஒரு தடவை பாதியில் நின்று, அடுத்த தடவை குழியைத் தாண்டி ஓடினால் அது வேகப் பிழை. பந்து நினைத்த இடத்தில்தான் புறப்பட்டது, ஆனால் சரிவு வேறு பக்கம் இழுத்துவிட்டது என்றால் அது கிரீனைப் படித்ததில் வந்த பிழை.

திசைப் பிழையில் பட்டருக்கு நிறையப் பங்கு உண்டு. வேகப் பிழையில் ஓரளவு. மூன்றாவதற்கு எவ்வளவு விலை கொடுத்தாலும் கடையில் மருந்து கிடையாது. கிரீனில் நேரம் செலவழித்தால்தான் வரும்.

இங்கே ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது. தொலைக்காட்சியில் நாம் பார்க்கும் பிஜிஏ டூர் (அமெரிக்கத் தொழில்முறைப் போட்டித் தொடர்) வீரர்களே 8 அடியிலிருந்து ஏறக்குறைய பாதி பட்களைத்தான் குழியில் போடுகிறார்கள். அதனால் 10 அடி பட்டைத் தவறவிட்டதற்காகப் பழைய பட்டர்மேல் பழி போட வேண்டாம். 3 அடியில் அடிக்கடி தவறினால், அப்போது யோசிக்கலாம்.

படி 2: அந்த விலையில் என்னென்ன அடங்கியிருக்கிறது என்று பாருங்கள்

பட்டர் தலையைச் செய்ய முக்கியமாக இரண்டு வழிகள். உருக்கிய உலோகத்தை அச்சில் ஊற்றி எடுப்பது வார்ப்பு. ஒரு கட்டி எஃகை எடுத்து, கணினி இயக்கும் இயந்திரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் செதுக்கி எடுப்பது மில்லிங். மில்லிங்குக்கு இயந்திர நேரம் அதிகம், சீவி வீணாகும் உலோகமும் அதிகம். விலை ஏற முதல் காரணம் அது. அப்புறம் மேற்பூச்சு, கைவேலை, பெயர், விளம்பரம் எல்லாம் சேரும்.

செதுக்கிய பட்டரைக் கையில் எடுத்தால் வித்தியாசம் தெரியும். விளிம்புகள் சுத்தமாக இருக்கும், பந்தில் படும்போது எழும் ஓசை இதமாக இருக்கும். ‘ஃபீல்’ என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு காதில் விழும் ஓசைதான். அது மகிழ்ச்சி தரும் விஷயம், நான் மறுக்கவில்லை. ஆனால் பந்து எந்தத் திசையில் புறப்பட வேண்டும் என்பதை ஓசை தீர்மானிப்பதில்லை.

வடிவத்தைப் பொறுத்தவரை, நல்ல யோசனைகள் விலை உயர்ந்த பட்டர்களுக்கு மட்டும் சொந்தமல்ல. ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் பொறியாளராக இருந்த கார்ஸ்டன் சோல்ஹைம், பட்டர் தலையின் நடுவில் இருக்கும் எடையை இரு முனைகளுக்கும் தள்ளி வைத்தார். கயிற்றில் நடப்பவர் கையில் நீளக் கம்பு பிடிப்பது எதற்காகவோ, அதே காரணம்தான்: எடை நடுவிலிருந்து விலகி நின்றால் சட்டென்று திரும்பாது. பந்து நடுவில் படாமல் கொஞ்சம் தள்ளிப் பட்டாலும் தலை முறுக்கிக்கொள்வது குறையும். 1966-இல் அவர் கொண்டுவந்த பிங் ஆன்சர் வடிவத்தை இன்று ஏறக்குறைய எல்லா நிறுவனங்களும் ஏதோ ஒரு பெயரில் செய்கின்றன, மலிவான பட்டர்கள் உட்பட. தலை பெரிதாக, பின்னால் நீண்டிருக்கும் மாலட் வகையில் இந்தப் பயன் இன்னும் அதிகம். ஒல்லியான பிளேடு வகையில் குறைவு. தொடங்குபவர்களுக்கு விலை உயர்ந்த பிளேடைவிட நடுத்தர விலை மாலட் அதிகம் உதவும் என்பது என் கணிப்பு.

படி 3: நீளம், சமநிலை, குறி

என்னைக் கேட்டால் இந்தப் படிதான் மிக முக்கியம். கடையில் நிற்கும் பட்டர்கள் பெரும்பாலும் 33 முதல் 35 அங்குலம். நீளம் உங்களுக்குச் சரியா என்று பார்க்க, வழக்கம்போல் குனிந்து நில்லுங்கள். இன்னொரு பந்தை மூக்கின் மேல்முனையில், இரு கண்களுக்கும் நடுவில் வைத்து அப்படியே விடுங்கள். அது கீழே இருக்கும் பந்தின்மேல் விழலாம், அல்லது அதற்கு ஓரிரு அங்குலம் உங்கள் பக்கம் விழலாம். அதற்கு மேல் விலகினால், அல்லது பந்துக்கு அப்பால் விழுந்தால், நீளமோ நிற்கும் விதமோ சரியில்லை. நிறையப் பேர் தேவைக்கு மேல் நீளமான பட்டரை வைத்துக்கொண்டு, அதற்காகப் பந்தைவிட்டுத் தள்ளி நின்று ஆடுகிறார்கள். பட்டரின் அடிப்பகுதி தரையில் தட்டையாக உட்கார்கிறதா என்றும் பாருங்கள். முன்முனை (உங்களிடமிருந்து தள்ளி இருக்கும் முனை) அந்தரத்தில் தூக்கிக்கொண்டு நின்றால், முகம், அதாவது பந்தில் படும் தட்டைப் பக்கம், கொஞ்சம் இடப்பக்கம் பார்க்கும் (வலது கைக்காரர்களுக்கு).

அடுத்தது சமநிலை. ஷாஃப்டை, அதாவது பட்டரின் தண்டை, கிடையாக ஒற்றை விரலில் நிறுத்துங்கள். முகம் வானத்தைப் பார்த்து நின்றால் அது ஃபேஸ் பேலன்ஸ்டு. முன்முனை கீழே தொங்கினால் டோ ஹேங். நேராகப் பின்னே இழுத்து நேராக அடிப்பவர்களுக்கு முதல் வகையும், லேசான வளைவில் வீசுபவர்களுக்கு இரண்டாவது வகையும் சொல்வது வழக்கம். இது வழிகாட்டிதான், கட்டாயம் இல்லை. உங்கள் வீச்சு எது என்று தெரியாவிட்டால் தரையில் ஒரு நூலை நேராக ஒட்டி அதன்மேல் பட்டரை ஆட்டிப் பாருங்கள், உடனே தெரிந்துவிடும்.

குறி பார்ப்பது கண்ணைப் பொறுத்தது. சிலருக்கு நீளக் கோடு உதவும். சிலருக்குக் கோடே இடைஞ்சல். 10 அடியில் குறி பார்த்து நின்று, பட்டரை அசையாமல் ஒரு நண்பரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, பின்னால் போய் நின்று பாருங்கள். குழியை நோக்கி வைத்ததாக நீங்கள் நம்பிய முகம் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தால், அது எவ்வளவு அழகான பட்டராக இருந்தாலும் உங்களுக்கானது அல்ல.

படி 4: பழையதையும் புதியதையும் ஒரே சோதனையில் நிறுத்துங்கள்

கடைக்குள் விரித்திருக்கும் செயற்கைப் புல்லில் சரிவும் இருக்காது, மேடுபள்ளமும் இருக்காது. அங்கே எல்லாப் பட்டரும் நன்றாகத்தான் உருட்டும். சோதனைக்கு ஒரு பட்டரைக் கொடுத்தனுப்பும் கடையைத் தேடுங்கள். உங்கள் பழைய பட்டரையும், நீங்கள் வழக்கமாக ஆடும் அதே பந்துகளையும் எடுத்துக்கொண்டு பயிற்சி கிரீனுக்குப் போங்கள். உறை கடினமான பந்தும் மென்மையான யூரித்தேன் உறைப் பந்தும் ஒரே பட்டரில் வேறு வேறு ஓசை தரும். பந்து மாறினால் ஒப்பீடே குழம்பிவிடும்.

முதல் சோதனைக்கு இரண்டு டீ குச்சிகளும் (முதல் அடிக்குப் பந்தைத் தாங்கத் தரையில் ஊன்றும் சிறு குச்சி) ஓர் அளவுகோலும் போதும். சமமான இடத்தில் பந்தை வைத்து, அதற்கு 45 சென்டிமீட்டர் முன்னால் இரண்டு குச்சிகளை ஒரு வாசல் மாதிரி ஊன்றுங்கள். குச்சிகளின் உள்பக்கத்துக்கு உள்பக்கம் இடைவெளி 5.8 சென்டிமீட்டர் இருக்கட்டும். பந்தின் விட்டம் 4.27 சென்டிமீட்டர், ஆக ஒவ்வொரு பக்கமும் முக்கால் சென்டிமீட்டர்தான் மிச்சம். குச்சியில் உரசாமல் பந்து போனால், அது புறப்பட்ட திசை ஒரு டிகிரிக்குள் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். ஏன் ஒரு டிகிரி? குழியின் விட்டம் 4.25 அங்குலம், அதாவது நடுவிலிருந்து விளிம்புக்கு இரண்டு அங்குலத்துக்குச் சற்று மேல். 10 அடி தூரத்தில் ஒரு டிகிரி விலகல் சரியாக அந்த இரண்டு அங்குலத்துக்கு வந்து நிற்கும். பந்து புறப்படும் திசையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது, அடிபடும் நொடியில் பட்டரின் முகம் எங்கே பார்க்கிறது என்பதுதான். ஆக இந்தச் சின்ன வாசல், 10 அடி பட்டின் விதியைப் பந்துக்குச் சற்று முன்னாலேயே காட்டிவிடுகிறது.

ஒவ்வொரு பட்டராலும் இருபது பந்துகள் அடியுங்கள். ஐந்து ஐந்தாக மாற்றி மாற்றி அடிப்பது நல்லது. ஒன்றை முழுக்க முடித்துவிட்டு அடுத்ததை எடுத்தால், கை பழகிய பலன் இரண்டாவதற்குப் போய்ச் சேரும். எத்தனை உரசாமல் போனது என்று நண்பர் எண்ணட்டும். முடிந்தால் பெயர் தெரியாமல் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள். விலையுயர்ந்ததைப் பிடித்திருக்கிறோம் என்ற எண்ணமே கவனத்தைக் கூட்டும். அந்தக் கவனம் சில வாரங்களில் தேய்ந்துவிடும், பட்டர் மட்டும் மிஞ்சும்.

இரண்டாவது சோதனை வேகத்துக்கு. 30 அடி தூரத்திலிருந்து அடியுங்கள், குழியை மறந்துவிட்டு ஒரு குச்சியைக் குறியாக வையுங்கள். பட்டரின் முகத்தில் கொஞ்சம் சாக்பீஸ் தூள் தடவிக்கொண்டால் பந்து பட்ட இடம் வட்டமாகப் பதியும். உங்கள் வட்டங்கள் எல்லாம் நடுவில் ஒன்றின்மேல் ஒன்றாக இருந்தால் எந்தப் பட்டரும் உங்களுக்குச் சரி. தலை பெரிய பட்டருக்குத் தனியாகப் பணம் கொடுக்கத் தேவையில்லை. அங்கும் இங்கும் சிதறியிருந்தால், சிதறியும் பந்தை ஒரே தூரத்தில் நிறுத்தும் பட்டர் எது என்று பாருங்கள். அதற்குத்தான் காசு கொடுக்க வேண்டும்.

படி 5: பழையதைச் சரிசெய்ய முடியுமா?

கிரிப்பை (கை பிடிக்கும் உறையை) மாற்றுவது சின்னச் செலவு. ஆனால் மெல்லிய கிரிப்பிலிருந்து தடிமனானதற்கு மாறுவதே சிலருக்குப் புதுப் பட்டர் மாதிரி இருக்கும். மணிக்கட்டு ஆடுவது குறையும். நீளத்தை வெட்டலாம். வெட்டினால் தலை லேசாகத் தெரியும். அதை ஈயப் பட்டை ஒட்டிச் சரிக்கட்டலாம். ஷாஃப்ட் தலையோடு சேரும் கோணத்தையும் நல்ல பணிமனையில் ஓரளவு வளைத்துத் தருவார்கள். படி 3-இல் கண்ட குறை இவற்றில் ஒன்றுதான் என்றால், முதலில் இதைச் செய்துவிட்டு மறுபடி வாசல் சோதனை வையுங்கள்.

படி 6: முடிவு

வாசல் சோதனையில் புதியது தெளிவாக முந்தியது, நீளமும் குறியும் பொருந்தின, வீட்டுச் செலவில் கை வைக்காமல் வாங்க முடியும் என்றால் வாங்கிவிடுங்கள், தயங்க வேண்டாம். பட்டர் தேய்ந்து வலுவிழக்கும் கிளப் அல்ல. கிரிப்பை மட்டும் மாற்றிக்கொண்டு பல வருடங்கள் ஆடலாம். டைகர் உட்ஸ் தன் 15 மேஜர் (கோல்ஃபின் நான்கு பெரிய போட்டிகள்) பட்டங்களில் 14-ஐ ஸ்காட்டி கேமரன் நிறுவனத்தின் ஒரே பட்டரால் வென்றார். அந்த எஃகுத் துண்டு அவருக்கு வென்று தந்தது என்று நான் சொல்ல வரவில்லை. பொருந்திய ஒன்றோடு அவர் பல வருடங்கள் ஆடினார் என்பதுதான் கவனிக்க வேண்டியது.

இரண்டும் சமமாக வந்தால், ஸ்கோருக்காக வாங்க வேண்டிய காரணம் இல்லை. அந்தப் பணத்தில் பயிற்சியாளரிடம் சில வகுப்புகள் போனால் படி 1-இல் சொன்ன மூன்றாவது பிழையும் சேர்ந்து குறையும். ஆனாலும் அழகாகச் செய்த ஒரு பொருள் கையில் இருக்க வேண்டும் என்ற ஆசையும் நியாயமான காரணம்தான். தெரிந்தே அதற்காகக் கொடுத்தால் பிறகு வருத்தம் வராது. புதியது பின்தங்கிவிட்டால் பேச்சே இல்லை, வைத்துவிட்டு வாருங்கள்.

பிறர் பயன்படுத்திய பட்டரைக் குறைந்த விலைக்கு வாங்குவதும் நல்ல வழி. சின்னக் கீறல்கள் பந்தின் ஓட்டத்தைக் கெடுக்காது. ஆனால் பெயர்பெற்ற பட்டர்களில் போலிகள் நிறைய உலவுகின்றன. எழுத்துகள் ஆழம் குறைந்து மங்கலாகப் பதிந்திருந்தாலோ, விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக இருந்தாலோ விலகிவிடுங்கள். புதிதாகக் கடையில் வாங்கினால், எத்தனை நாளுக்குள் திருப்பித் தரலாம் என்று கேட்டு ரசீதில் எழுதி வாங்குங்கள். ஷாஃப்டை வெட்டிவிட்டால் பொதுவாகத் திருப்பி எடுக்க மாட்டார்கள். அதனால் முதல் சில சுற்றுகளை வெட்டாமல், கிரிப்பில் கையைக் கொஞ்சம் கீழே பிடித்து ஆடிப் பார்த்து, நீளம் உறுதியான பிறகு பணிமனைக்குக் கொடுங்கள்.