வைஃபை போட்டால் லெப்டொப் விழுகிறதா? ஃபோமட் அடிக்கும் முன் இதைச் செய்து பாருங்கள்

வைஃபை இணைந்து கொஞ்ச நேரத்தில் லெப்டொப் உறைந்து நிற்கிறது. மவுஸ் அசையாது, கீபோர்ட் கேட்காது. அல்லது நீலத் திரை வந்து தானாகவே ரீஸ்டார்ட் ஆகிறது. இப்படி நாலு தரம் நடந்தால் நம் பக்கத்தில் பெரும்பாலும் எடுக்கும் முடிவு, டவுனுக்குக் கொண்டுபோய் ஃபோமட் அடிப்பதுதான். பொகவந்தலாவையிலிருந்தோ மஸ்கெலியாவிலிருந்தோ ஹட்டனுக்குப் போய்வந்தால் அன்றைய பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போய்விடும். உயர்தரம் படிக்கும் பிள்ளையின் குறிப்புகளும் போட்டோக்களும் அதோடு அழிந்துபோகலாம். கோளாறு வைஃபை டிரைவரில், அதாவது வைஃபை கார்டை விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருளில், இருந்தால், அதே டிரைவர் மறுபடி ஏறியதும் லெப்டொப் மறுபடி விழும். அதனால் முதலில் வீட்டிலேயே காரணத்தைப் பிடிப்போம். இங்கே சொல்வது விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும்.

ஒரு சின்ன வைஃபை கார்ட் எப்படி முழு லெப்டொப்பையும் விழுத்துகிறது? குரோம் மாதிரி ஒரு செயலி கெட்டால் அது மட்டும் மூடிக்கொள்ளும். வைஃபை டிரைவர் அப்படியல்ல. அது விண்டோஸின் உள்மையமான கெர்னலில் ஓடுகிறது. அங்கே ஒரு டிரைவர் தனக்கு உரியதல்லாத நினைவகத்தைத் தொட்டாலோ, பதில் சொல்லாமல் நின்றுவிட்டாலோ, உங்கள் கோப்புகள் கெடாமல் இருக்க விண்டோஸ் தன்னையே நிறுத்திக்கொள்கிறது. நீலத் திரை என்பது அதுதான். புதிய விண்டோஸ் 11-இல் அதே திரை கறுப்பாக வரும்.

படி 1: வைஃபைதானா என்று உறுதி செய்யுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். மற்ற எல்லாம் இதில்தான் தங்கியிருக்கிறது.

ஸ்டார்ட் பட்டனை ரைட் கிளிக் செய்து டிவைஸ் மேனேஜரைத் திறவுங்கள். நெட்வேர்க் அடாப்டர்ஸ் என்ற வரியை விரித்தால் வயர்லெஸ் அல்லது வைஃபை என்று பெயரில் உள்ள ஒன்று இருக்கும். அதை ரைட் கிளிக் செய்து டிஸேபிள் டிவைஸ் கொடுங்கள். ஏரோப்ளேன் மோட் போட்டால் ரேடியோ மட்டும்தான் அணையும், டிரைவர் உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் டிஸேபிள்தான் சரியான சோதனை.

அப்புறம் இன்டர்நெட்டுக்கு என்ன செய்வது? வீட்டில் உள்ள 4ஜி ரவுட்டரின் பின்புறம் பாருங்கள், அநேகமாக லேன் துளை இருக்கும். ஒரு நெட்வேர்க் கேபிளை அங்கிருந்து லெப்டொப்புக்குக் கொடுங்கள். லெப்டொப்பில் அந்தத் துளை இல்லையென்றால் போனை சார்ஜர் வயரால் இணைத்து, போனின் செட்டிங்ஸில் யூஎஸ்பி டெதரிங்கை ஒன் செய்யுங்கள். சில மலிவான வயர்கள் சார்ஜ் மட்டும்தான் ஏற்றும், டேட்டா போகாது. டெதரிங் பட்டன் மங்கலாகவே இருந்தால் வயரை மாற்றிப் பாருங்கள். போனின் ஹொட்ஸ்பொட்டைப் பாவிக்க வேண்டாம், அதற்கும் வைஃபை கார்ட்தான் வேலை செய்ய வேண்டும். புளூடூத்தும் பெரும்பாலும் அதே கார்டில்தான் இருக்கிறது, அதையும் அணைத்து வையுங்கள்.

இப்போது வழக்கம்போல வேலை செய்யுங்கள். முன்பு எவ்வளவு நேரத்தில் விழுந்ததோ, அதைவிடப் பல மடங்கு நேரம் விழாமல் ஓடினால் கை வைக்க வேண்டிய இடம் தெரிந்துவிட்டது. அடுத்த படிகளைச் சோதிக்க வைஃபையை மறுபடி எனேபிள் செய்துகொள்ளுங்கள். வைஃபை இல்லாமலும் விழுகிறதென்றால் சூடு, ரேம், டிஸ்க் என்று வேறு பக்கம் தேட வேண்டும். விண்டோஸ் மெமரி டயக்னொஸ்டிக்கில் தொடங்குங்கள், கீழே உள்ள படிகள் உங்களுக்கு உதவாது.

டிவைஸ் மேனேஜரைத் திறக்கக்கூட நேரம் தராமல் விழுகிறதா? லொகின் திரையில் ஷிஃப்டை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுங்கள். டிரபிள்ஷூட், அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ், ஸ்டார்ட்டப் செட்டிங்ஸ் வழியாகப் போய் மறுபடி ரீஸ்டார்ட் கொடுத்தால் ஒரு பட்டியல் வரும். அதில் 4-ஐ அழுத்தினால் சேஃப் மோட். அங்கே வைஃபை டிரைவர் ஏறாது, நிதானமாக வேலை செய்யலாம்.

படி 2: திரை சொல்வதைப் படியுங்கள்

நீலத் திரை கண் சிமிட்டும் நேரத்தில் மறைகிறதென்றால், ஸ்டார்ட்டில் ‘அட்வான்ஸ்ட் சிஸ்டம் செட்டிங்ஸ்’ என்று தேடி, ஸ்டார்ட்டப் அன்ட் ரிகவரி பகுதியில் ‘ஓட்டோமெட்டிக்லி ரீஸ்டார்ட்’ என்பதன் சரி அடையாளத்தை எடுத்துவிடுங்கள். அடுத்த முறை திரை நின்றுகொண்டிருக்கும். போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அதில் கோளாறின் வகையைச் சொல்லும் ஸ்டொப் கோட் என்று ஒன்று இருக்கும், சில வேளை ‘வட் ஃபெயில்ட்’ என்று ஒரு கோப்பின் பெயரும் வரும். கோப்பின் பெயர்தான் தங்கம். இன்டெல் கார்டின் கோப்பு பெரும்பாலும் என், ஈ, டி, டபிள்யூ, டி, டபிள்யூ என்ற எழுத்துகளில் தொடங்கும். ரியல்டெக்கின் கோப்பு ஆர், டி, டபிள்யூ என்றும், பழைய அத்தரோஸ் ஏ, டி, எச் என்றும், புரோட்கொம் பி, சி, எம் என்றும் தொடங்குவது வழக்கம். இவற்றில் ஒன்று தெரிந்தால் சந்தேகமே வேண்டாம்.

கோப்பின் பெயர் வராவிட்டால் ஸ்டொப் கோடைப் பாருங்கள். ‘டிரைவர் பவர் ஸ்டேட் ஃபெயிலியர்’ என்றால் மூடி திறக்கும்போதோ ஸ்லீப்பிலிருந்து எழும்போதோ ஒரு டிரைவர் சரியாக எழவில்லை. படி 4-ஐ முதலில் செய்யுங்கள். ‘டிரைவர் ஐஆர்கியூஎல் நொட் லெஸ் ஓர் ஈக்வல்’ என்றால் படி 3. படம் எடுக்கத் தவறியவர்கள் ஸ்டார்ட்டில் ‘ரிலயபிலிட்டி ஹிஸ்டரி’ என்று ஆங்கிலத்தில் தேடுங்கள். எந்த நாளில் விழுந்தது, அதற்கு முன் என்ன அப்டேட் ஏறியது என்று நாட்காட்டி போலக் காட்டும்.

படி 3: டிரைவரை மாற்றுங்கள்

டேட்டா செலவில்லாத வழியிலிருந்து தொடங்குவோம். டிவைஸ் மேனேஜரில் வைஃபையை ரைட் கிளிக் செய்து ப்ரொப்பர்ட்டீஸ், டிரைவர் என்று போங்கள். ‘ரோல் பேக் டிரைவர்’ அழுத்தக்கூடியதாக இருந்தால் அழுத்துங்கள். அண்மையில் ஏறிய அப்டேட்டுக்குப் பிறகுதான் தொல்லை ஆரம்பித்தது என்றால் இது ஒன்றே போதும்.

அது மங்கலாக இருந்தால் ‘அப்டேட் டிரைவர்’ கொடுத்து, ‘பிரவுஸ் மை கம்ப்யூட்டர்’, பிறகு ‘லெட் மீ பிக்’ என்று தொடங்கும் வரியைத் தெரிவு செய்யுங்கள். உங்கள் டிஸ்க்கில் ஏற்கெனவே இருக்கும் டிரைவர்களின் பட்டியல் வரும். இப்போது ஓடுவதைவிடப் பழைய பதிப்பு அதில் இருந்தால் அதைப் போட்டுப் பாருங்கள். அதிகம் பேருக்குத் தெரியாத வழி இது, டேட்டா முடிந்துபோன மாதக் கடைசியில் கைகொடுக்கும்.

இரண்டும் சரிவராவிட்டால் லெப்டொப்பின் அடியில் உள்ள மொடல் இலக்கத்தைக் குறித்துக்கொண்டு, தயாரிப்பாளரின் சொந்தத் தளத்துக்குப் போய் வயர்லெஸ் டிரைவரை மட்டும் இறக்குங்கள். கார்ட் இன்டெல் என்றால் இன்டெல் தளத்திலும் எடுக்கலாம். பழையதை அன்இன்ஸ்டோல் செய்யும்போது டிரைவரையும் சேர்த்து அகற்றும் பெட்டியில் சரி அடையாளம் இடுங்கள். இல்லையென்றால் விண்டோஸ் அதையே திரும்ப எடுத்துப் போட்டுவிடும். எல்லா டிரைவரையும் ஒரே கிளிக்கில் புதுப்பிப்பதாகச் சொல்லும் மென்பொருள்களைத் தயவுசெய்து தொடாதீர்கள். ஒரு பிரச்சினையோடு போய் ஐந்தோடு திரும்ப வேண்டியிருக்கும்.

பாவித்த லெப்டொப் வாங்கியவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். விண்டோஸ் 7 அல்லது 8 காலத்து மெஷினில் விண்டோஸ் 10-ஐயோ 11-ஐயோ ஏற்றி விற்கிறார்கள். அந்தக் கார்டுக்குப் புதிய விண்டோஸுக்கான டிரைவரைத் தயாரிப்பாளர் வெளியிடாமலே விட்டிருக்கலாம். அப்படியானால் டிரைவர் தேடிக் களைப்பதைவிட நேரே படி 6-க்குப் போங்கள்.

படி 4: பவர் செட்டிங்

டிவைஸ் மேனேஜரில் வைஃபையின் ப்ரொப்பர்ட்டீஸில் பவர் மேனேஜ்மென்ட் என்ற தாவலில், மின்சாரம் சேமிக்க இந்தச் சாதனத்தை அணைக்க அனுமதிக்கும் வரியின் அடையாளத்தை எடுத்துவிடுங்கள். சில புதிய லெப்டொப்களில் அந்தத் தாவலே இருக்காது, அது கோளாறல்ல. கன்ட்ரோல் பேனலில் பவர் ஒப்ஷன்ஸுக்குப் போய் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பையும் நிறுத்துங்கள்.

படி 5: சிக்னல்

பலவீனமான சிக்னல் தனியாக ஒரு லெப்டொப்பை விழுத்தாது. ஆனால் இணைப்பு அறுந்து மறுபடி பிடிக்கும் நேரத்தில்தான் குறையுள்ள டிரைவர் அதிகம் தடுமாறும். லயத்தின் கற்சுவரும் தகரக் கூரையும் வைஃபையை நன்றாக மறைக்கும். ரவுட்டர் முன்காம்பராவின் ஜன்னலிலும் பிள்ளை பின்காம்பராவிலும் இருந்தால் இணைப்பு விட்டுவிட்டு வரும். சுவரைத் தாண்ட 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைதான் நல்லது, 5 கிகாஹெர்ட்ஸ் அதே அறைக்கு நல்லது. ரவுட்டரில் இரண்டுக்கும் வேறு வேறு பெயர் வைத்து, லெப்டொப்பை ஒன்றில் மட்டும் இணையுங்கள்.

படி 6: கார்டை மாற்றுவது

இவ்வளவும் செய்தும் விழுகிறதென்றால் கார்டே பழுதாகியிருக்கலாம். மலிவான வழி ஒரு யூஎஸ்பி வைஃபை டொங்கிள், அதாவது யூஎஸ்பி துளையில் செருகும் சின்ன வைஃபை கருவி. செருகும் முன் உள்ளே உள்ள கார்டை டிஸேபிள் செய்ய மறக்காதீர்கள்.

உள்ளே உள்ளதையே மாற்றுவதென்றால் கடைக்காரரோடு கதைக்கும் முன் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். இன்டெல் ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 போன்ற கார்டுகள் அதற்கென்று அமைந்த இன்டெல் மதர்போர்ட்களில் மட்டுமே ஓடும். ஏஎம்டி லெப்டொப்பில் செருகினால் வேலை செய்யாது. ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்210 இரண்டுக்கும் அந்தக் கட்டுப்பாடு இல்லை. சில பழைய எச்பி, லெனோவோ மெஷின்கள் தாங்கள் அங்கீகரித்த கார்டைத் தவிர வேறெதையும் ஏற்காமல் தொடக்கத்திலேயே நின்றுவிடும்.

கடைக்குக் கொண்டுபோகும்போது ஸ்டொப் கோட் படத்தையும், வைஃபையை டிஸேபிள் செய்தால் விழுவதில்லை என்பதையும் முதலில் சொல்லுங்கள். ஃபோமட் வேண்டாம், கார்டைப் பாருங்கள் என்று கேளுங்கள். வேலை முடிந்ததும் அங்கேயே வைஃபையில் இணைத்து, ஒரு நீளமான வீடியோ ஓடவிட்டு, ஸ்லீப்பில் போட்டு எழுப்பிப் பார்த்த பிறகு காசைக் கொடுங்கள்.