வீட்டில் படம் பார்ப்பதை முழுசாக ரசிக்க

முதல் வேலையாக டிவி செட்டிங்ஸுக்குள் போய் மோஷன் ஸ்மூத்திங்கை அணைத்துவிடுங்கள். பெரும்பாலான சினிமாக்கள் நொடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 தனித்தனிப் படங்கள், என்ற கணக்கில் எடுக்கப்படுபவை. இந்த ஸ்மூத்திங் மூலம் டிவி நடுநடுவே தானாக ஃபிரேம்களை உருவாக்கிச் செருகுவதால்தான் பிரமாதமாக எடுத்த காட்சிகூட சீரியல் மாதிரித் தெரிகிறது. ஒவ்வொரு கம்பெனியும் இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கும், தேட அலுப்பாக இருந்தால் ஃபிலிம்மேக்கர் மோட் இருக்கிறதா என்று பாருங்கள், அதுவே இதையெல்லாம் அணைத்துவிடும். மேலும் கீழும் கறுப்புப் பட்டை வந்தால் தயவுசெய்து ஜூம் செய்யாதீர்கள், ஓரத்தில் நிற்கும் முகத்தை வெட்டிவிட்டுப் பார்ப்பது எனக்குத் தாங்காது.

அறை கும்மிருட்டாக இருக்க வேண்டியதில்லை. டிவிக்குப் பின்னால் மங்கலாக ஒரு விளக்கு எரிந்தால் கண் அவ்வளவு களைக்காது. போன் வேறு அறையில் இருக்கட்டும்.

அப்புறம் ஆட்டோபிளே. அதையும் அணையுங்கள். கடைசியில் பெயர்கள் ஓடும் அந்தச் சில நிமிடங்களில்தான் பார்த்தது மனசுக்குள் இறங்குகிறது, அதற்குள் அடுத்த எபிசோடைத் திணித்தால் எப்படி?

ஆன்லைன் வீடியோக்களில் பாடம், விளக்கம் என்றால் 1.5 வேகத்தில் ஓட்டுங்கள், சரி. காமெடிக்கு மட்டும் வேண்டாம். வசனத்துக்கும் எதிராளியின் பார்வைக்கும் நடுவில் விடுகிற இடைவெளியில்தான் சிரிப்பே இருக்கிறது.